இரண்டரை அங்குலக் காலர்

கடைக்காரர்களிடம் எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் மூன்று மாதம் அலைந்தேன். நான் கணக்கு வாத்தியார். ஆர்.கே.பேட்டை பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், எதிரில் இருப்பவருக்குப் புரிகிற மாதிரி சொல்வதுதான் இத்தனை வருஷமும் என் பிழைப்பு. ஆனால் "காலர் உயரமாக இருக்கிற முழுக்கைச் சட்டை வேண்டும்" என்று நான் சொன்னதை, திருத்தணி பஜாரில் ஒரு கடையிலும் ஒருவரும் புரிந்துகொள்ளவில்லை. நான் சொன்னது தப்பா, அவர்கள் கேட்டது தப்பா என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள். ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வருஷமாகக் கல்யாணப் பேச்சை எடுத்தாலே, "உங்க ரெண்டு பேர யாரு பாத்துக்குவா நைனா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவாள். கடைசியில் அவளுக்கே பிடித்த மாதிரி ஒரு பையன் வந்தான். அவனுக்கு வேலை ஜெர்மனியில். அதைக் கேட்டதும் மறுபடியும் பின்வாங்கினாள். "எங்களுக்கு இன்னா கொறச்சல்? கல்லு மாதிரி கீறோம்" என்று நான் மார்தட்டிக்கொண்டு சொன்ன பிறகுதான் சரி என்றாள். ஆனி மாதம் நிச்சயம் நடந்தது. தையில் கல்யாணம். நிச்சயம் முடிந்த பத்தாம் நாள், சவரம் செய்துகொண்டிருந்தபோது கழுத்தில் கட்டி கையில் தட்டுப்பட்டது.

ஆடியில் ஆபரேஷன். ஊரெல்லாம் கிருத்திகைக்காகக் காவடியோடு திருத்தணிக்கு வந்துகொண்டிருக்க, நாங்கள் இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் சென்னைக்கு ரயில் ஏறினோம். "கேன்சர்தான், ஆனால் பயப்பட வேண்டிய கேன்சர் இல்லை" என்றார் டாக்டர். அந்த வாக்கியம் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தைராய்டை எடுத்துவிட்டார்கள், பக்கத்தில் சந்தேகப்பட்ட நாலைந்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள், ஆயுளுக்கும் தினம் ஒரு மாத்திரை என்றார்கள்.

மகளிடம் சொல்லவில்லை. தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இது யாருடைய யோசனை என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் தகராறு தீரவில்லை. நான்தான் என்று அவள் சொல்கிறாள். அவள்தான் என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன், இப்போது அவ்வளவு உறுதியில்லை. சொன்னால் மகள் கல்யாணத்தை நிறுத்திவிடுவாள் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

தொண்டை கட்டிப்போன குரலுக்குச் சளி என்று சொன்னேன். வீடியோவில் கூப்பிட்டால் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளியிலும் சொந்தக்காரர்களிடமும் அதே சளி, அதே மஃப்ளர்தான். ஆடி மாத வெயிலில் மஃப்ளரோடு உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். தீபாவளிக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மனைவி அழுதாள், நான் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன். பெற்ற பெண் பண்டிகைக்கு வராததில் சந்தோஷப்படுகிற அப்பனாக ஆகிவிட்டேனே என்று என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

தழும்பு கழுத்தின் அடியில் குறுக்காக ஓடி, இடது பக்கம் திரும்பி, காதை நோக்கி மேலே ஏறும். கண்ணாடி முன்னால் நின்று ஸ்கேல் வைத்து அளந்தேன். சாதாரணச் சட்டையின் காலர் அதில் பாதியைக்கூட மறைக்கவில்லை. இரண்டரை அங்குலம் நிமிர்ந்து நிற்கிற காலர் வேண்டும். வீட்டில் மஃப்ளர் போட்டுச் சமாளிக்கலாம், தை மாதப் பனிக்கு அது சகஜம். கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அப்பா மஃப்ளரோடு நின்றால், போட்டோவில் பார்க்கிறவர்கள் என்னைச் சமையல் கான்ட்ராக்டர் என்று நினைப்பார்கள்.

எங்கள் பள்ளி ஆபீஸ் அறையில் வெள்ளைக்காரன் காலத்து குரூப் போட்டோ ஒன்று தொங்குகிறது. நடுவில் தலைமையாசிரியர், கோட்டு, தலைப்பாகை. அவருக்குக் கழுத்தே இல்லை. தாடைக்குக் கீழே நேராக வெள்ளைக் காலர், அதற்குக் கீழே கோட்டு. வருஷக்கணக்காக அந்தப் படத்தைத் தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவர் கழுத்தை அன்றுதான் கவனித்தேன். பெஞ்சுமேல் ஏறி என் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

பஜாரில் இருந்த ரெடிமேட் கடையில் அந்தப் படத்தைக் காட்டினேன். கல்லாவில் இருந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரு சார் இவரு, உங்க தாத்தாவா?"

"இல்லம்மா. இந்தக் காலர் வேணும்."

"ஓ, சைனீஸ் காலரா!" என்று ஒரு கட்டு எடுத்துப் போட்டார். அதில் காலருக்கு மடிப்பே இல்லை, ஒரு அங்குலப் பட்டைதான். இது இல்லை என்றேன். "அப்ப கட்-அவே காலரு" என்றார். அது இரண்டு பக்கமும் விரிந்து, மறைக்க வேண்டிய இடத்தையே படம் போட்டுக் காட்டியது. வெளியே மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் மலை இறங்கி வந்து குழந்தைக்குத் தொப்பி கேட்டு நின்றது. அம்மாள் அவர்களைப் பார்க்கப் போய்விட்டார். தொப்பி என்றால் தொப்பி, அவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

அரக்கோணத்தில் ஒரு பெரிய கடையில் "ஓல்டு ஸ்டைல்" என்று கேட்டேன். உடனே புரிந்துகொண்டார்கள். எனக்குத்தான் புரியவில்லை, எந்த ஓல்டு என்று. அவர்கள் காட்டியது என் கல்லூரி நாட்களுக்கும் முந்தைய நாய்க்காது காலர். இரண்டு முனையும் நெஞ்சுவரை நீண்டிருந்தது. ட்ரையல் ரூமில் போட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் தாராளம், உயரம் பழைய கதைதான். இருந்தாலும் வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் வாங்கி வந்தேன். மனைவி பார்த்துவிட்டு, "ரெக்க பெருசா கீது, பறக்கறதுக்கு ஆவும்" என்றாள்.

பிறகு எங்கள் பள்ளி இங்கிலீஷ் டீச்சரைப் பிடித்தேன். இதற்கு "விண்டேஜ்" என்று ஒரு பெயர் இருப்பதாக அவர்தான் சொன்னார். அவருடைய போனில் அந்த வார்த்தையைத் தட்டினால் என் தலைமையாசிரியரின் கழுத்து வரிசை வரிசையாக வந்து நின்றது. எனக்கு உயிர் வந்தது. "இந்த வயசுல சாருக்கு ஆசையப் பாரு" என்று சிரித்துக்கொண்டே அவரே ஆர்டரும் போட்டுக் கொடுத்தார்.

பத்து நாளில் பார்சல் வந்தது. பிரித்தால் சட்டை இருக்கிறது, காலர் இல்லை. கழுத்தைச் சுற்றி விரலகலத்துக்கு ஒரு பட்டி, அதில் முன்னால் ஒரு ஓட்டை, பின்னால் பிடரிப் பக்கம் ஒரு ஓட்டை.

"எலி கடிச்சிருக்கும்" என்றாள் மனைவி.

"எலி கடிச்சிட்டு சுத்தி நூலும் போட்டு தெக்குமா? இது காஜாடி."

"பின்னாடி இன்னாத்துக்குங்க காஜா?"

ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் தலைக்கேறியது. டீச்சரைக் கொண்டே "காலர் இல்லாத சட்டை" என்று புகார் எழுத வைத்துத் திருப்பி அனுப்பினேன். கூரியர்காரர் வந்து சட்டையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அதே கூரியர்காரர் இன்னொரு சின்னப் பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே காலர் மட்டும் இருந்தது. அட்டை போல விறைப்பாக, வெள்ளை வெளேரென்று, கூடவே இரண்டு பக்கமும் தலை வைத்த இரண்டு பித்தளைப் பொத்தான்கள்.

பெட்டியில் ஒரு விளக்கச் சீட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் சட்டை வேறு, காலர் வேறாம். அழுக்காவது காலர்தான் என்பதால் அதை மட்டும் துவைத்துக் கஞ்சி போட்டு, முன்னால் ஒரு பொத்தான், பின்னால் ஒரு பொத்தான் என்று சட்டையில் மாட்டிக்கொள்வார்களாம், சட்டை நாலைந்து நாள் அப்படியே ஓடுமாம். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. நல்ல சட்டையை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மறுபடி ஆர்டர் போடப் போனால், அந்த அளவு தீர்ந்துவிட்டது என்று வந்தது. கார்த்திகை பாதி முடிந்திருந்தது. கையில் ஒரு காலர் இருந்தது, அதை மாட்ட ஒரு சட்டை இல்லை.

காலரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருக்கும் டெய்லரிடம் போனேன். நகரிக்காரர். மெஷினைத் தெலுங்கில் திட்டுவார், எங்களோடு தமிழில் பேசுவார். காலரை வாங்கித் தட்டிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், தன் கழுத்திலேயே வைத்துப் பார்த்தார்.

"இத்த சட்டையில வெச்சி தெக்க முடியாது சார். அட்டை மாதிரி கீது, ஊசி ஒடஞ்சிடும்."

"இதே மாதிரி ஒண்ணு நீங்க தெச்சிக் குடுங்க. உயரம் ரெண்டரை அங்குலம்."

"ரெண்டரையா! இன்னாத்துக்கு சார்?"

அவரிடம் உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் நகரிவரை தெரிந்துவிடும். "கழுத்து வலி" என்றேன்.

"கழுத்து வலிக்கு மெடிக்கல்ல பெல்ட்டு விக்கறான் சார். சட்டை எதுக்கு?"

"பொண்ணு கல்யாணத்துல பெல்ட்டு போட்டுகினு நிப்பனா?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. அளவு சட்டை கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஊரில் டேப் எடுத்து உடம்பை அளப்பது குறைவு. நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தால் அதைப் பார்த்துத் தைத்துவிடுவார்கள். என் கழுத்தை யாரும் தொட வேண்டியதில்லை என்று நிம்மதியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தைத்து வந்ததைப் போட்டால் கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் போகிறது, பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தால் தழும்பு முழுசாகத் தெரிகிறது. ஆபரேஷனுக்கு அப்புறம் நான் இளைத்துவிட்டேன், அளவு சட்டை இளைக்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு இது முன்னாடியே தோன்றியிருக்க வேண்டும். நூல் ஒன்றைக் கழுத்தில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அந்த நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டெய்லர் நூலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது தடவை சரியாக வந்தது. விறைப்புக்கு உள்ளே பக்ரம் துணி இரண்டு மடிப்பு, பட்டியில் அடுத்தடுத்து இரண்டு பொத்தான். போட்டதும் தலை தானாக நிமிர்ந்துகொண்டது. அதில் குனியவே முடியாது. பழகுவதற்காக அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தேன், இலையில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாமல் ஊறுகாயை மொத்தமாக வாயில் போட்டுக்கொண்டேன். மனைவி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். காதுக்குக் கீழே வெளியே தெரிந்த நுனிக்குக் கொஞ்சம் பவுடர் தடவினாள். "ஒண்ணும் தெர்லங்க" என்றாள், குரல் உடைந்துபோயிருந்தது. எனக்கும் கண் கலங்கியது. அத்தனை சந்தோஷம் அந்தச் சட்டைமேல்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் மகள் வந்தாள்.

"இன்னா நைனா, ஊட்டுக்குள்ளயே மஃப்ளரு?"

"தை பனிம்மா."

வேறெதுவும் கேட்கவில்லை. கல்யாண வேலையில் அவளுக்கு என்னைக் கவனிக்க நேரமில்லை.

முதல்நாள் சாயங்காலம் ரிசப்ஷன். அந்தச் சட்டையோடு மண்டபத்து வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றேன். என் வாழ்க்கையில் சட்டைக்காக அத்தனை பேர் என்னைப் பாராட்டியதில்லை. சம்பந்தி டெய்லர் யார் என்று கேட்டார். இங்கிலீஷ் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகள் மேடையிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டு, "சூப்பரா கீற நைனா" என்று காலரைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்து, பந்திக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இன்னும் ஒரு காலைப்பொழுது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

காலை ஆறரை முதல் ஏழரை முகூர்த்தம். சட்டை, வேட்டி, பவுடர் எல்லாம் தயார். ஐயர் மைக்கில் கூப்பிட்டார்.

"பொண்ணோட தகப்பனார், தாயார் வாங்கோ. தாரை வார்க்கணும். சட்டையைக் கழட்டிட்டு, மேல் துண்டை இடுப்புல கட்டிண்டு உட்காருங்கோ."

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் தாரை வார்க்கும்போது எந்தப் பெண்ணின் அப்பா சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்? எங்கள் கல்யாண ஆல்பத்திலேயே என் மாமனார் வெற்று மார்போடுதான் இருக்கிறார், அந்தப் படம் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. மூன்று மாதம் அதன் கீழே உட்கார்ந்துதான் காலர் உயரத்தைப் பற்றி இருவரும் பேசிப் பேசி மாய்ந்தோம். எப்படி மறந்தோம்? இன்றுவரை யோசிக்கிறேன், விடை வரவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தேன். செம்பும் கையுமாக நின்றவள் முகம் வெளுத்துவிட்டது, அவளுக்கும் அப்போதுதான் நினைவு வந்திருக்கிறது.

"சட்டையோடயே உட்காரலாங்களா சாமி?" என்று கேட்டேன்.

"அதெப்படி? கன்னிகாதானம் ஸ்வாமி இது. சீக்கிரம் ஆகட்டும்."

என் அக்கா வீட்டுக்காரர், பாவா, மேடைக்கு ஏறி வந்தார். எல்லாக் கல்யாணத்திலும் அவர்தான் முன்னால் நிற்பார்.

"இன்னா மச்சான் வெக்கம், பொண்ணா நீயி? கழட்டு" என்று அவரே பொத்தானில் கைவைத்தார். டெய்லர் காஜாவை இறுக்கமாக எடுத்திருந்தார். முதல் பொத்தான் வர நேரமானது. இரண்டாவதைக் கழற்றும்போது பாவாவின் விரல் நின்றுவிட்டது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, துண்டை என் கழுத்தைச் சுற்றிப் போட்டார். ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே இடுப்பைக் காட்டிக் கையசைத்தார். பாவா துண்டை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டார்.

மகளைக் கொண்டுவந்து என் இடது பக்கம் உட்கார வைத்தார்கள். எதிரில் மாப்பிள்ளை. குனிந்த தலையோடு வந்தவள் நிமிரவில்லை, தப்பித்தேன் என்று நினைத்தேன். அவள் கையில் தேங்காயும் வெற்றிலையும் வைத்து என் கைமேல் வைக்கச் சொன்னார் ஐயர். வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள்.

"நைனா, இது இன்னா?"

"அப்புறம் சொல்றம்மா."

"எப்போ ஆச்சி?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆடில" என்று வந்துவிட்டது.

அவள் உதடு அசைந்தது. மாதங்களை எண்ணுகிறாள் என்று புரிந்தது. "தெனம் பேசிகினு தான இருந்தேன்" என்றாள். கையை எடுத்துவிட்டாள். தேங்காய் என் கையில் தனியாக நின்றது. நாதஸ்வரம் ஒருபக்கம் வாசித்துக்கொண்டிருந்ததால் சபைக்கு ஒன்றும் கேட்கவில்லை, மாப்பிள்ளை மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆறு மாதமாக எதற்குப் பயந்தேனோ அது மணையில் வைத்தே நடக்கப் போகிறது, எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"கேன்சரா?"

"எடுத்துட்டாங்கம்மா. இப்ப ஒண்ணும் இல்ல."

"நீ சும்மா இரு." என்னைத் தாண்டிக் குனிந்து அம்மாவைப் பார்த்தாள். "எம்மா, நெஜமா?"

மனைவி தலையை ஆட்டினாள். செம்பு சாய்ந்து, தண்ணீர் மந்திரத்துக்கு முன்னாலேயே என் தொடையில் கொட்டியது.

"கையைக் குடும்மா, நாழியாறது" என்றார் ஐயர்.

அவள் கொடுக்கவில்லை. கண்ணீரைத் துடைக்கவும் இல்லை. "நான் கல்யாணம் வேணாம்னு சொல்லிடுவன்னு தான மறைச்ச?"

"ஆங்."

தேங்காயை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லித்தான் இருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் கையை என் கைமேல் வைத்தாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டாளா, நான் செய்தது சரி என்கிறாளா, என்னால் இனி உன்னை நம்ப முடியாது என்கிறாளா? மூன்றுக்கும் அந்த ஒரே வார்த்தை பொருந்துகிறது. மனைவி தண்ணீரை ஊற்றினாள். எங்கள் இருவர் கைமேலும் சில்லென்று விழுந்து வழிந்தது. ஐயர் ஏதோ சொன்னார், என் காதில் விழவில்லை. மறுபடி சொன்னார்.

"விடுங்கோ ஸ்வாமி. மாப்பிள்ளை கையில் கொடுக்கணும்."

குனிந்து பார்த்தேன். நான்தான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.